சோயாச் சக்கையும் ஆடைத் தயிரும்

தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு சோயா பால் தொழிற்சாலையில் நான் உற்பத்திப் பொறுப்பாளனாக இருக்கிறேன். வடக்கேயிருந்து லாரியில் வரும் சோயா பீன்ஸை ஊற வைத்து, அரைத்து, காய்ச்சி, பிழிந்து பாலை எடுப்போம். பிழிந்த பிறகு இயந்திரத்தின் அடியில், பால் எடுத்த தேங்காய்த் துருவலைப் போல, வெளிர் மஞ்சளாக ஒன்று குவியும். அதற்கு எங்களிடம் வேறு பெயர் கிடையாது. சக்கைதான். எங்கள் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்து நாற ஆரம்பித்துவிடும். அதற்குள் அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் மொபெட்டில் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மாமியாரிடமும் ஒரு பசு இருந்தது. அவர் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். தொழிற்சாலை மொட்டைமாடியில் சக்கையை உலர்த்தி, மூட்டை கட்டி, எப்போதாவது ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பேன். "இதத் தின்ன பெறகு பாலு கெட்டியா வருது மாப்ள" என்பார். அந்தப் பாலைக் காய்ச்சி, மண்சட்டியில் உறை ஊற்றி, சனிக்கிழமை காலை பேருந்தில் ஒரு தூக்கில் தயிர் கொண்டு வருவார். தூக்கின் வாயைச் சுற்றித் துணி கட்டியிருக்கும். வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார், ஆடை கலைந்துவிடக் கூடாது என்று.

அந்த ஆடை என் மனைவிக்கு. அவள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவளைப் பார்த்தால் பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று கேள்வி. சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவளே பிள்ளையாகிவிடுவாள். கரண்டியின் ஓரத்தால் ஆடையைச் சுற்றிலும் விடுவித்து, தோசையைப் போல முழுசாக எடுத்து, ஆவி பறக்கும் சோற்றின்மேல் போட்டு, கல்லுப்பு தூவி, கை நிறையப் பிசைவாள். முதல் வாய் உள்ளே போகும்வரை யாரோடும் பேசமாட்டாள். அதற்குப் பிறகுதான் "ம், சொல்லுங்க" என்பாள். கல்யாணமான புதிதில், அவள் சாப்பிடுவதைப் பார்ப்பதற்காகவே நான் மெதுவாகச் சாப்பிடுவேன்.

எங்கள் இரண்டு குடும்பங்களும் முந்திய தலைமுறை வரை அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவை. என் மாமியார் இளம் வயதில் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய் மோர் வாங்கி வருவாராம். வெண்ணெய் கடைந்து எடுத்த பிறகு மிஞ்சும் மோர். ஒருமுறை நடவுக் கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு, "கொழுப்பு ஏறிப்போச்சா?" என்று வாசலில் நின்று கத்தினார்களாம். இதை என் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

"எங்கம்மா கொழுப்புங்கறத நாக்குல கூட வெச்சது கெடையாது. ஆனா கொழுப்பு ஏறிப்போச்சான்னு திட்டு மட்டும் வாங்கியிருக்கு."

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கிய அன்று அவள் நெய் வாங்கிக்கொண்டு போய் அம்மாவின் தட்டில் ஊற்றினாளாம். அம்மாவுக்கு அது இறங்கவில்லை. தொண்டையில் என்னவோ படிகிற மாதிரி இருக்கிறது என்று பாதியில் எழுந்துவிட்டாராம். "அதனால என்ன, எங்கம்மாவுக்கும் சேத்து நானே சாப்பிடுறேன்" என்பாள்.

ஒரு தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவளுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. வாயுப் பிடிப்பு என்று சுடுதண்ணீர் குடித்திருக்கிறாள். வலி முதுகுக்கு ஏறியதும் கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போனபோது முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, முடியாமல் கையை மட்டும் நீட்டினாள்.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மறுநாள் மருத்துவர் என்னையும் ஊரிலிருந்து ஓடி வந்திருந்த மாமியாரையும் கூப்பிட்டு, சோதனைக்கு எடுத்த ரத்தத்தைக் குழாயோடு காட்டினார். அடியில் சிவப்பு. மேலே வெள்ளையாக, கெட்டியாக ஒரு படலம்.

"பாத்தீங்களா சார், மேல நிக்குதே, அது ரத்தத்துல இருக்கற கொழுப்பு. சிலருக்கு உடம்பு கொழுப்பக் கரைச்சு வெளியேத்தாது. பரம்பரையா வர்றதுதான். இனிமே நெய், வெண்ணெய், ஆடை, பொரிச்சது எதுவும் கூடாது. தாளிக்கற எண்ணெய் கூட ஸ்பூன்ல அளந்துதான். மறுபடி இந்த மாதிரி வந்தா உயிருக்கே ஆபத்து."

நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரும் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது தயிரின் மேல் நிற்கும் ஆடையைப் போலவே இருந்தது.

"பரம்பரையான்னா என்ன டாக்டரம்மா சொல்றீங்க?" என்று மாமியார் கேட்டார். "எங்க பரம்பரையில கொழுப்பத் தின்னவங்க யாரு இருக்கா?"

மருத்துவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "சாப்பிட்டாத்தானம்மா தெரியும். நீங்க யாரும் சாப்பிடாததால இத்தனை நாளா வெளியில தெரியல."

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த மாதம் பசுவை விற்றுவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை வந்தபோது கையில் தூக்கு இல்லை. ஒரு பையில் முருங்கைக்கீரை மட்டும் இருந்தது. என் மனைவி விஷயம் தெரிந்து சத்தம் போட்டாள்.

"எனக்குத்தானே ஆகாது? நீ சாப்பிட வேண்டியதுதானே? எதுக்கு வித்த?"

"நீ திங்காதத நான் எப்புடிடி திங்கிறது?" என்றார் மாமியார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. கீரையை ஆய்வதற்கு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உடம்பு தேறி அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். அப்போது எங்கள் மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆவியில் வெந்த காய், ரசம், சுட்ட அப்பளம், கொழுப்பு நீக்கிய பாலில் உறை ஊற்றிய தயிர். அந்தத் தயிரைக் கரண்டியால் தொட்டவுடன் பிளந்து தண்ணீராக ஓடும். லேசாக நீலம் பாரித்திருக்கும். முதல் நாள் அவள் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தயிர் இருந்த பாத்திரத்தக் கழுவி ஊத்துன மாதிரி இருக்கு" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கணக்கின் விடையைச் சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு முழுசாகச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது என்னோடு பேசிக்கொண்டே சாப்பிட்டாள். முதல் வாய்க்குக்கூட நிறுத்தவில்லை.

அதுதான் என்னைத் தூண்டியது. நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். நார்ச்சத்தைப் பதப்படுத்தி, கொழுப்பின் இடத்தில் வைக்கலாம் என்று படித்திருக்கிறேன். கொழுப்பு நம் வாய்க்குள் செய்கிற பெரிய வேலை வழுக்குவது. அந்த வழவழப்பைத்தான் நாக்கு கெட்டி என்றும் ருசி என்றும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரைக் குடித்து உப்பி, கூழாக நிற்கும் நார் அதே வழவழப்பைத் தரும். ஆனால் சக்கையில் இருக்கும் நாரில் பெரும்பங்கு அந்த ரகம் இல்லை. அது வைக்கோல் மாதிரி. தண்ணீரில் கரையாது, நாக்கில் உறுத்தும். அதை வெட்டி, இளக்கி, நுணுக்கித் தண்ணீரைப் பிடிக்கிற மாதிரி மாற்ற வேண்டும். நாள்தோறும் அவ்வளவு சக்கை என் கண் முன்னால் வீணாகப் புளித்துக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கணக்குப் போடத் தெரிந்தவரும்கூட.

"இப்பல்லாம் எல்லாரும் லோ ஃபேட்தான் கேக்குறாங்க. வந்தா நல்லதுதான்" என்றார். "ஷிஃப்ட் முடிஞ்சதும் மெஷின எடுத்துக்குங்க. கழுவி வெச்சிட்டுப் போங்க, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சாயங்காலங்கள் தொழிற்சாலைக்குப் போய்விட்டன. முதலில் எளிதாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சக்கையைக் காயவைத்து, மாவாக அரைத்து, கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து உறை ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் வைத்தேன். என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் சொல்வதற்கு முன்பே மூக்கு அவளுக்குச் சொல்லிவிட்டது.

"மாட்டுக்குக் கொண்டுபோவீங்களே, அதுவா?" என்று சிரித்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். "மணலு. சுத்தமா மணலு. பச்சை வாடை வேற அடிக்குது. ஃபெயில்."

நானும் சிரித்தேன். அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு வெண்ணெய் எடுத்த மோரு. எனக்குப் பால் எடுத்த சக்கை. எல்லாம் எடுத்தப்புறம் மிஞ்சுறதுதான் நமக்குன்னு வரும் போல."

நீ நினைப்பது மாதிரி இல்லை, இது உயர்ந்த பொருள், வெளிநாட்டில் இதை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "தெரியும்ங்க. சும்மா சொன்னேன். நீங்க செய்யுங்க."

ஆனால் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. சக்கையை உறுத்தல் இல்லாத வெண்ணெயாக்கி அவள் தட்டில் வைக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. இப்போது யோசித்தால், அந்த வைராக்கியம் அவளுக்காகவா, அவள் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்ற என் ரோஷத்துக்காகவா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

பச்சை வாடையைப் போக்குவதற்கே பல மாதம் பிடித்தது. பீன்ஸை அரைத்தபிறகு சூடாக்கினால் வாடை போகாது, அரைப்பதற்கு முன்பே ஆவி காட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்தபோது வாடை போயிற்று, மணல் போகவில்லை. நாரைத் துண்டாக்கும் நொதியை வாங்கி, வெதுவெதுப்பான சக்கைக் கூழில் கலந்து வைத்துப் பார்த்தேன். குறைவான நேரம் வைத்தால் உறுத்தல் அப்படியே இருந்தது. கூடுதலாக வைத்தால் எல்லாம் கரைந்து, பிடிமானம் போய், கஞ்சித் தண்ணீர் ஆகிவிட்டது. பிறகு பாலை நுண்துளிகளாக உடைக்கும் அழுத்த இயந்திரத்தில் அந்தக் கூழை விட்டேன். ஒரு தடவை அது அடைத்துக்கொண்டு, பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு வாரம் உற்பத்தி நின்றது. அந்த வாரம் முதலாளி என்னோடு டீ குடிக்க வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தோடு அவள் முன்னால் நிற்பேன். ஆரம்பத்தில் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே இருந்தது. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் மதிப்பெண் போடுவாள். "ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, விடை தப்பு" என்பாள். "போன தடவைக்கு இது தேவலை. வாயோட மேல் அண்ணத்துல லேசா ஒட்டுது பாருங்க, அது போகணும்" என்று சரியாகச் சொல்வாள். கொழுப்பை அவ்வளவு ரசித்துச் சாப்பிட்ட நாக்கு. அதைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

எப்போது அந்தப் பேனா நின்றது என்று எனக்குத் தெரியாது. பின்னால்தான் ஞாபகம் வந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் "நல்லாருக்குங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எது கொடுத்தாலும் நல்லாருக்கு. சூத்திரம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த நாட்களில் ஒருமுறை அவளுடைய தலைமையாசிரியையின் கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அவள் விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துவிட்டிருந்தாள். இதைத் தட்ட முடியாது என்று கிளம்பினோம். கோயிலில் எல்லாம் முடிந்து மண்டபத்தில் பந்தி. பரிமாறுகிறவர் நெய்க் கரண்டியோடு வந்தார். இலைமேல் கையை மறைத்து வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. "நல்ல நாள் அதுவுமா நெய் வேணாங்கக் கூடாதும்மா, ஒரு சொட்டு." நான் குறுக்கே புகுந்து உடம்புக்கு ஆகாது என்றேன். அல்வா வந்தது, வேண்டாம். வடை, வேண்டாம். தயிர், வேண்டாம். வெறும் சோறும் ரசமும். பக்கத்து இலையில் இருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆசையோடு கேட்டார்.

"எப்பிடிங்க இவ்வளவு கட்டுப்பாடா இருக்கீங்க? போன வருஷம் பாத்ததுக்கு நல்லா எளச்சிட்டீங்க. எனக்கும் சொல்லுங்களேன், என்ன டயட்டு?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார்.

திரும்பி வரும்போது மயிலாடுதுறை வரைக்கும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வயல்களில் தாளடி நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பேச்சு வாக்கில் சொன்னாள்.

"அத்தனையும் எதுக்கால வெச்சாங்க. முன்னெல்லாம்னா அழுகை வரும்ங்க. இன்னைக்கு ஒண்ணுமே தோணல. எச்சில்கூட ஊறல."

"பழகிடுச்சு. நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான்" என்றாள் அவளும்.

நான் அப்போது நொதியை எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முயற்சி செய்து பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அது அமைந்தது. எதிர்பார்த்த நாளில் அமையவில்லை. மின்சாரம் போய் வந்ததில் கூழ் நான் நினைத்ததைவிடச் சற்று அதிகமாக ஆறிவிட்டது. எறிந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்காமல் அழுத்த இயந்திரத்தில் விட்டேன். வெளியே வந்தது வெண்ணெய் நிறத்தில், விளிம்பில் மினுமினுப்போடு, சொட்டாமல் விழுந்தது. விரலில் எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே நசுக்கினேன். உறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு மெதுவாகக் கரைந்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்து, அதே சூட்டில் அதே மாதிரி வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கொழுப்பு நீக்கிய பாலில் சேர்த்து உறை ஊற்றினேன். தயிர் கரண்டியில் வெட்டுப்பட்டு நின்றது. வேலையாட்களுக்குக் கொடுத்தேன். "எருமைத் தயிரா சார்?" என்று கேட்டார்கள். முதலாளி ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

அன்று சனிக்கிழமை. மாமியார் வந்திருந்தார். நான் ஒரு புதுத் தூக்கு வாங்கி, அதில் அந்தத் தயிரைக் கொண்டுபோனேன். அவளை உட்கார வைத்து, சூடாகச் சோறு போட்டு, தயிரைக் கெட்டியாக எடுத்து மேலே வைத்து, கல்லுப்பும் தூவினேன். மாமியார் பதறினார். "மாப்ள, என்ன இது? ஆகாதுன்னு தெரிஞ்சு..." இதில் கொழுப்பு இல்லை அத்தை, எல்லாம் சக்கை என்றேன்.

அவள் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்தாள். கண் விரிந்தது. நிச்சயமாக விரிந்தது, நான் பார்த்தேன். "அய்யோ, அப்பிடியேங்க" என்றாள். "அம்மா, அப்பிடியே நீ கொண்டாருவியே, அது." இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவதுக்குக் கை தாமதித்தது. பிசைந்த சோற்றை விரலால் இலேசாக ஒதுக்கினாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." பிறகு மெல்ல, "திகட்டுதுங்க."

"இதுல கொழுப்பே கெடையாது. உனக்கு ஒண்ணும் பண்ணாது."

"தெரியும்ங்க. அதத்தான் சொல்றேன். நீங்க அவ்வளவு சரியாப் பண்ணியிருக்கீங்க. அந்தப் பழைய தயிருதான் இது. சந்தேகமே இல்ல. ஆனா எனக்குத்தான் இப்ப..." அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க என்னமோ படியற மாதிரி இருக்கு. வாய் மறந்துடுச்சு போல. கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் எழுந்து, வழக்கமான நீர்த்த தயிரை எடுத்து வந்து, வேறு தட்டில் சோறு போட்டு, உப்பைச் சேர்த்துக் கரைத்துச் சாப்பிட்டாள். அதில் அவளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குத் தயிர். ஒதுக்கிய தட்டை மாமியார் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகளுக்கு ஆகிற பொருள்தான் என்று ஆன பிறகு அவருக்குத் தடை இல்லை போலும். பொறுமையாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. வீணாக்கக் கூடாது" என்றார்.

படித்தவன்தானே நான். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களின் நாக்கு காலப்போக்கில் மாறிவிடும், முன்பு ருசித்தது பின்பு திகட்டும் என்று எனக்குத் தெரியாதது இல்லை. நாக்கு என்பது எங்கோ ஆராய்ச்சித் தாள்களில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல. என் எதிரில் அது வாராவாரம் மாறிக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் முதலாளிக்கு நல்லது. சென்னையிலிருந்து ஐஸ்கிரீம் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் கூழைக் கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீமில் போட்டுப் பார்த்து, பிடித்துப்போய், மாதாமாதம் வாங்க ஆரம்பித்தார்கள். சக்கைக்கு இப்போது தனிக் கட்டடம். மொபெட்டில் வந்துகொண்டிருந்த மாட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டு, தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "எங்க மாட்டு வாயில இருந்து புடுங்கிட்டீங்களே சார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண் இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டாள். என் மனைவிக்காக என்றேன். அந்தப் பெண்ணுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்கே வந்துவிட்டாள். ஐஸ்கிரீம் டப்பாவில் எங்கள் இருவர் படத்தையும் போட்டு, இந்தக் கதையை நாலு வரியில் அச்சடிக்கலாம் என்றாள். என் மனைவி அவளுக்கு மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "வேணாம்மா" என்றாள்.

"ஏன் மேடம்? எவ்வளவு அழகான கதை!"

"நான் அத சாப்பிடறது இல்லியேம்மா. சாப்பிடாததுக்கு எப்பிடி என் படத்தப் போடறது? பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறவ நான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இந்தக் கோடையில் ஒரு நாள் சாயங்காலம் இருவரும் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தோம். இப்போது எனக்குச் சாயங்காலங்கள் மிச்சம் இருக்கின்றன. போகிற போக்கில், ஏன் என்று தெரியாமல், "உனக்கு ஏதாவது சாப்பிடணும்னு தோணுதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அத்தனை வருடமும் ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன். இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவள் நின்று யோசித்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஒன்றும் தோணலை என்று சொல்லிவிடுவாளோ என்று.

"பச்சை மாங்கா" என்றாள். "கிளி மூக்கு மாதிரி இருக்குமே, அது. கீறி, உப்பு மொளகாத்தூள் தடவி. ரொம்ப நாளா நாக்குல நின்னுக்கிட்டே இருக்கு."

"ரொம்ப நாளான்னா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்பவே. நீங்க அந்தத் தயிருக்கு அவ்வளவு அலைஞ்சிக்கிட்டு இருந்தீங்க. இதப் போய் கேக்கறதான்னு இருந்துட்டேன்."

மாங்காயில் கொழுப்பு கிடையாது. நொதி வேண்டாம், அழுத்த இயந்திரம் வேண்டாம். நான் நாள்தோறும் வண்டியில் கடந்து போகிற தள்ளுவண்டியில் அது வருடா வருடம் கீறி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

வண்டிக்காரர் இரண்டு மாங்காயைக் கீறி, மிளகாய்த்தூளைத் தாராளமாகத் தடவி, தாளில் வைத்துக் கொடுத்தார். அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இரு என்று கையைக் காட்டினாள். மென்று விழுங்கும்வரை பேசவே இல்லை. பிறகு விரலை நக்கிக்கொண்டே வண்டிக்காரரைப் பார்த்து, "இன்னொண்ணு கீறுங்கண்ணே, தூளு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.